காதில் பூச்சுற்றாத க்ளைமாக்ஸ்: ஒட்டவைத்த முடிவைப் பிரித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

கதை முழுக்க ஒழுங்காகப் போயிருக்கும். கடைசி இரண்டு பக்கத்தில் யாரோ ஒரு பெரியப்பா பெட்டி நிறையப் பணத்தோடு வந்து இறங்குவார். இல்லாவிட்டால் வில்லனுக்கு நெஞ்சுவலி வரும், அதுவும் இல்லாவிட்டால் எல்லாம் கனவு என்று கதாநாயகன் எழுந்து உட்காருவான். படித்தவர் ‘நல்லாத்தான் போச்சு, கடைசில காதுல பூ சுத்திட்டாங்க’ என்பார்.

கதைப் பட்டறைகளில் மற்றவர்கள் எழுதியதைப் படித்து, கூட உட்கார்ந்து திருத்துவது என் வேலை. முடிவு ஒட்டவில்லை என்று தெரிந்ததும் புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: கடைசிக் காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஐந்து தடவை எழுதினாலும் சரியாகாது. கோளாறு பெரும்பாலும் கதையின் முற்பகுதியில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் கடைசிக் காட்சியை எட்டாவது படியில்தான் தொடுகிறோம். அதுவரை கை அரித்தாலும் தொடாதீர்கள்.

பட்டறையில் காட்டுவதற்காக நான் எழுதிய கதை ஒன்றையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அம்மா இறந்துபோகிறாள். கடைசி மூன்று வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் மகள் தேன்மொழி. வீடு தனக்கே என்று அம்மாவின் கையெழுத்து உள்ள உயிலோடு வருகிறான் அண்ணன் குமரன். அந்த உயிலுக்கு, அம்மா இறப்பதற்கு எட்டு மாதம் முந்தைய தேதி. என் முதல் பிரதியில் முடிவு இப்படி: அதுவரை தலைகாட்டாத வக்கீல் ஒருவர் வந்து, ‘உங்கள் அம்மா இதற்கப்புறம் என்னிடம் இன்னோர் உயில் கொடுத்திருந்தார்’ என்கிறார். வீடு தேன்மொழிக்கு. முற்றும்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடத்துக்கு இதைவிட நல்ல கதை கிடையாது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், முழுப் பிரதி. பாதிக் கதையை வைத்துக்கொண்டு முடிவைச் சரிசெய்ய முடியாது. என்னென்ன பொருட்கள், பழக்கங்கள், பொய்கள் கதைக்குள் வந்துவிட்டன என்பது எழுதி முடித்த பிறகுதான் தெரியும். அவற்றை வைத்துத்தான் நான்காம் படியில் வேலை செய்யப் போகிறோம்.

அடுத்து, காட்சிப் பட்டியல். ஒரு காட்சிக்கு ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியில் என்ன நடக்கிறது என்பதோடு யார் என்ன முடிவெடுக்கிறார் என்பதையும் எழுதுங்கள். ‘மழை பெய்கிறது, தேன்மொழி அழுகிறாள்’ என்ற வரியில் முடிவே இல்லை. அப்படிப்பட்ட வரிகள் அடுத்தடுத்து நான்கு வந்தால், கதாநாயகி கதையில் பயணியாகத்தான் இருக்கிறாள் என்று அர்த்தம். பயணியாக இருப்பவளைக் கடைசியில் வேறு யாராவது வந்துதான் இறக்கிவிட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, இன்னும் படிக்காத இரண்டு பேர். கதையை அவர்களிடம் வாயால்கூடச் சொல்லிவிடாதீர்கள். ஒருவர் முதல் தடவை படிப்பதை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். ஒன்பதாம் படிவரை அவர்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

## 1. முடிச்சை ஒரே கேள்வியாக எழுதுங்கள்

எந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்று வாசகர் கடைசிப் பக்கம்வரை வருகிறார்? அதை ஒரு வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இங்கே பெரும்பாலானவர்கள் வெளிக் கேள்வியை மட்டும் எழுதுகிறார்கள். ‘தேன்மொழிக்கு வீடு கிடைக்குமா?’ கேள்வி இது மட்டும்தான் என்றால் வக்கீல் முடிவில் குறையே இல்லை, வீடு கிடைத்துவிட்டதே! ஆனாலும் ஏமாற்றம் வருகிறது. கதை உள்ளுக்குள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். ‘இத்தனை வருடம் அம்மாவின் நிழலாகவே இருந்துவிட்டவள், தனக்காக ஒரு தடவை வாய் திறப்பாளா?’ வக்கீல் வந்ததால் அவள் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

உள்கேள்வி கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அது இல்லாமல் போனால், பழைய ஒட்டு முடிவுக்குப் பதில் இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமான ஒட்டு முடிவு ஒன்றுதான் கிடைக்கும்.

## 2. முடிச்சை அவிழ்த்த கை யாருடையது என்று பாருங்கள்

கடைசிக் காட்சிகளில் நிலைமையை மாற்றிய அந்த ஒரு விஷயத்தை வட்டமிடுங்கள். அது பல வேஷத்தில் வரும். புது ஆள், புதுக் கடிதம், லாட்டரி, வெள்ளம், விபத்து ஆகியவற்றை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். கண்ணுக்குத் தப்புகிறவை வேறு மூன்று. கதாநாயகிக்கு அந்த நேரத்தில் மட்டும் முளைக்கும் திறமை முதலாவது. வில்லன் திடீரென மனம் திருந்துவது இரண்டாவது. மூன்றாவது, அதுவரை புத்திசாலியாக இருந்த வில்லன் க்ளைமாக்ஸில் மட்டும் முட்டாளாகி எல்லாவற்றையும் தானே உளறிக்கொட்டுவது. இந்த மூன்றாவதை எழுதுகிறவர்கள் திருப்பம் என்று நம்பிவிடுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் இரண்டு சோதனை செய்யுங்கள். முடிவை அப்படியே பெயர்த்து வேறொரு கதையின் கடைசியில் வையுங்கள். அங்கேயும் ஒட்டினால் அது உங்கள் கதையின் முடிவு இல்லை. என் வக்கீலை எந்தச் சொத்துத் தகராறு கதைக்கும் வாடகைக்கு அனுப்பலாம். இரண்டாவது சோதனை: கதையின் நடுவிலிருந்து மூன்று காட்சிகளை எடுத்துவிட்டுப் பாருங்கள். முடிவு ஆடாமல் அசையாமல் அப்படியே நின்றால், அந்த மூன்று காட்சிகளும் வீண். அவற்றில் தேன்மொழி பட்டதற்கும் கடைசியில் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

## 3. உண்மையிலேயே குறைதானா என்று தீர்மானியுங்கள்

தற்செயல் என்றாலே தப்பு என்று நினைத்துக்கொண்டு, நன்றாக இருக்கும் கதையை நோண்டிக் கெடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் படி.

தற்செயலாக வம்பில் மாட்டிக்கொள்ளலாம். வாசகர் அதைக் கேள்வி கேட்பதில்லை, கதை தொடங்கவே அது தேவை. தற்செயலாக வம்பிலிருந்து வெளியே வரும்போதுதான் அவருக்குக் கோபம் வருகிறது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் எதிரியைச் சந்தித்தால் கதை. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் காணாமல் போன பத்திரம் கிடைத்தால் மோசடி. ஒரே மழைதான்.

தற்செயலுக்கு அர்த்தம் இருப்பதுபோலத் தோன்றினாலும் மனம் ஏற்றுக்கொள்ளும். அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ ஒன்பதாம் அத்தியாயத்தில் இதற்கு ஓர் உதாரணம் தருகிறார்: ஆர்கோஸ் நகரில் மிட்டிஸ் என்பவரின் சிலை, அவர் சாவுக்குக் காரணமானவன் மேலேயே விழுந்து அவனைக் கொன்றது. யாரும் தள்ளவில்லை. ஆனாலும் அது வெறும் விபத்தாகத் தோன்றுவதில்லை. உங்கள் கதையில் சிலை விழுந்தே ஆக வேண்டும் என்றால், விழ வேண்டிய ஆள் மேல் விழட்டும்.

வெளியிலிருந்து வரும் மீட்பு முடிச்சை அவிழ்க்காமல் இன்னும் இறுக்கினால், அதையும் விட்டுவிடலாம். ஆங்கில எழுத்தாளர் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலில் (1954), ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட பையன்கள் தங்களில் ஒருவனையே வேட்டையாடுகிறார்கள். அந்தச் சிறுவன் ஓடிவந்து கடற்கரையில் விழுகிறான். நிமிர்ந்து பார்த்தால் கடற்படை அதிகாரி ஒருவர் நிற்கிறார். அச்சு அசல் திடீர் மீட்புதான். ஆனால் உயிர் மட்டும்தான் பிழைக்கிறது. பையன்கள் என்னவாக மாறினார்கள் என்ற கேள்வியை அவர் தீர்க்கவில்லை. அவர் வந்திறங்கியதும் ஒரு போரிலிருந்துதான்.

வேண்டுமென்றே கேலியாகச் செய்வது இன்னொரு வகை. 1928இல் பெர்லினில் மேடையேறிய, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் ‘த்ரீபென்னி ஓபரா’வில், தூக்குமேடையில் நிற்கும் கொள்ளைக்காரனுக்கு அரச தூதர் மன்னிப்பு கொண்டுவருகிறார், கூடவே பட்டமும் ஓய்வூதியமும். நிஜ வாழ்க்கையில் இப்படி யாரும் வரமாட்டார்கள் என்று காட்டவே அந்தக் காட்சி. கேலி செய்வதாக இருந்தால் நாடகம் முழுக்க அந்தக் குரல் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட பிறகு ‘அது நையாண்டிங்க’ என்று சொல்வது செல்லாது.

என் வக்கீல் இந்த எதிலும் தேறவில்லை. ஆகவே மேலே போவோம்.

## 4. இருப்புக் கணக்கு எடுங்கள்

முடிவை வெளியே தேடுவதற்கு முன் கதைக்குள் ஏற்கெனவே கிடப்பவற்றைப் பாருங்கள். நான் அதிக நேரம் செலவிடுவது இந்தப் படியில்தான். பெரும்பாலும் விடையும் இங்கேதான் கிடைக்கிறது. முதல் பிரதி எழுதும்போது நம்மையறியாமல் நிறைய விஷயங்களைத் தூவிவிடுகிறோம்.

முதல் பக்கத்திலிருந்து ஒரு பென்சிலோடு படியுங்கள். நாலு வகையைக் குறித்துக்கொண்டே போங்கள்: கதைக்குள் வந்த பொருட்கள், ஆட்களுக்குத் தெரிந்த வேலைகள், யாராவது யாருக்காவது கொடுத்த வாக்குகள், யாரிடமாவது மறைக்கப்பட்டவை. அவை முக்கியமா இல்லையா என்று படிக்கும்போதே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

என் கதையில் இருபத்தாறு விஷயங்கள் தேறின. பாதி குப்பை. சுவர்க் கடிகாரம், பக்கத்து வீட்டு நாய், குமரனின் பழைய சைக்கிள். ஆனால் பதினோராவது வரியில் நின்றுவிட்டேன். மூன்றாம் காட்சியில் அம்மாவின் கை நடுக்கத்தால் வங்கிப் படிவத்தில் தேன்மொழியே அம்மா கையெழுத்தைப் போடுகிறாள். தாய்க்கும் மகளுக்கும் இருந்த நெருக்கத்தைக் காட்ட எழுதியது அது. எழுதியபோது வேறொரு நினைப்பும் இல்லை.

உயில் கதை. கையெழுத்துப் போட முடியாத அம்மா. அவள் கையெழுத்தைப் போடும் மகள். எல்லாம் மூன்றாம் காட்சியிலேயே இருந்தது, நான் எங்கிருந்தோ வக்கீலைக் கூட்டி வந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். சிலர் கணக்கு எடுக்காமலே புதுப் பொருளை உள்ளே கொண்டுவருகிறார்கள். அதைக் கதை முழுக்கப் பொருத்த வேண்டியிருப்பதால் வேலை இரட்டிப்பாகிறது. சிலர் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் முடிவுக்குள் திணிக்கிறார்கள். நாய்க்கும் ஒரு பங்கு, சைக்கிளுக்கும் ஒரு பங்கு. வேண்டாம். வேலை செய்யப் போவது ஒன்று, அதிகம் போனால் இரண்டு. நாய் குரைத்துக்கொண்டே இருக்கட்டும், அது வீட்டுக்கு உயிர் தருகிறது.

பட்டியலில் உண்மையிலேயே ஒன்றும் தேறவில்லையா? அப்போதுதான் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். சேர்ப்பதை முதல் கால்பகுதிக்குள் சேருங்கள். பின்னால் போகப் போக அது விதை மாதிரி இல்லாமல் சாவி மாதிரி தெரியத் தொடங்கிவிடும்.

## 5. தீர்வுக்கு ஒரு விலை வையுங்கள்

கிடைத்த பொருளை உடனே முடிவில் மாட்டிவிடாதீர்கள். இலவசத் தீர்வு கதைக்குள்ளிருந்தே வந்தாலும் ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கும். கதாநாயகி எதையாவது கொடுத்துத்தான் அதை வாங்க வேண்டும்.

‘அம்மாவுக்குக் கை நடுங்கும், அவளால் இந்த உயிலில் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது’ என்று தேன்மொழி சொன்னால் போதுமா? தர்க்கப்படி போதும். ஆனால் கதை சப்பென்று இருக்கும். சொல்ல அவளுக்கு என்ன தடை? ஒன்றுமில்லை. தடை இல்லாத வாக்கியத்தை அவள் முதல் காட்சியிலேயே சொல்லியிருக்கலாமே?

விலை மூன்றாம் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. அம்மாவால் கையெழுத்துப் போட முடியவில்லை என்று சொன்னால், அந்த மூன்று வருடம் வங்கியில் போடப்பட்டவை யாருடையவை என்ற கேள்வி வரும். அண்ணனின் மோசடியை நிரூபிக்க வேண்டுமானால் தன் மோசடியை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மா கேட்டுத்தான் செய்தாள், பைசா எடுக்கவில்லை. ஆனால் காகிதத்துக்கு அது தெரியாது.

விலையைச் சோதிக்க ஒரு கேள்வி: வீடு போனாலும் பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று அவள் நினைக்க நியாயம் இருக்கிறதா? இருந்தால் விலை சரி. இரண்டு பக்கமும் கனம் இருந்தால்தான் அது முடிவெடுத்தல் ஆகும்.

## 6. விதையுங்கள், ஆனால் வேறு காரணத்துக்காக

இப்போது முற்பகுதிக்குப் போகிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்காதீர்கள். என்ன முளைக்க வேண்டும் என்று தெரியாமல் விதைத்தால் கதை முழுக்கக் களை.

விதைக்கிற வரி அந்த இடத்தில் வேறு ஒரு வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். சிரிப்பு, பாசம், சண்டை எதுவானாலும் சரி. வாசகர் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தகவல் ஓசைப்படாமல் உள்ளே போய்விடும். தகவலை மட்டும் சுமந்து வரும் வரி ‘என்னை ஞாபகம் வெச்சுக்கோ’ என்று கத்தும்.

முதலில் நான் எழுதியது:

‘தேன்மொழிக்கு அம்மாவின் கையெழுத்தை அச்சு அசலாகப் போட வரும். மூன்று வருடமாக அவள்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.’

இதைப் படித்ததுமே முடிவு தெரிந்துவிடும். மாற்றி எழுதியது:

‘படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பேனாவை மூன்று தடவை பிடித்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை மூடி உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. “என் பேரே நான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது, நீயே போட்டுடு” என்றாள். தேன்மொழி போட்டாள். அம்மா எட்டிப் பார்த்து, “அந்தக் கடைசி சுழி எனக்கு இவ்ளோ அழகா வராதுடி” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.’

வாசகர் சிரிப்பை எடுத்துக்கொண்டு போகிறார். சுழி பையில் விழுந்தது அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் அந்தச் சுழி எழுதும்போதுதான் எனக்கும் வந்தது, அதுவே முடிவை மாற்றிவிட்டது. அது எப்படி என்பதை எட்டாம் படியில் பார்க்கலாம். நல்ல விதை இப்படித்தான், போட்டவருக்கே தெரியாத ஒன்றைக் கொண்டுவரும்.

எத்தனை தடவை விதைப்பது? மூன்று தடவை என்று ஒரு விதி பட்டறைகளில் உலவுகிறது. நான் அதை நம்புவதில்லை. சிறுகதைக்கு ஒரு தடவை விதைத்து, நடுவில் லேசாக ஒரு தடவை தொட்டால் போதும். வாராவாரம் வரும் தொடர்கதைக்கு அது பத்தாது, ஆறாம் வாரம் படித்தது இருபதாம் வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மேடை நாடகத்தில் பார்வையாளர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. அங்கே காதால் கேட்டதைவிடக் கண்ணால் கண்டதுதான் நிற்கும். அம்மா தம்ளரைப் பிடிக்கும்போது தண்ணீர் சிந்தட்டும், வசனம் தேவையில்லை.

பெயரை மட்டும் விதைத்துவிட்டு வேலையை விதைக்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கி.மு. 431இல் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடிஸின் ‘மீடியா’வை எடுத்துக்கொள்ளுங்கள். துரோகம் செய்த கணவனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொன்ற மீடியா, கடைசியில் சூரியக் கடவுளின் தேரில் ஏறித் தப்பிக்கிறாள். அவள் சூரியனின் பேத்தி என்பது நாடகத்தில் முன்பே வருகிறது. போய்ச் சேர ஏதென்ஸில் அடைக்கலமும் நடுவிலேயே ஏற்பாடாகிவிடுகிறது. ஆனால் தாத்தா தேர் அனுப்பக்கூடியவர் என்பது எங்கேயும் இல்லை. கதையின் முடிச்சு கதையிலிருந்தே அவிழ வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அரிஸ்டாட்டில் குறையாகக் காட்டுவது இந்தத் தேரைத்தான். உறவைச் சொன்னால் மட்டும் போதாது, அந்த உறவு என்ன செய்யும் என்பதையும் சின்ன அளவில் ஒரு தடவை காட்டிவிட வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கம் எச்.ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ (1898). பூமியைப் பிடிக்க வந்த செவ்வாய்க்காரர்களைக் கடைசியில் கொல்வது பாக்டீரியா. மனிதர்கள் போட்ட சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்டால் கொதிப்பு வர வேண்டும், ஆனால் வருவதில்லை. முதல் பத்தியிலேயே, நுண்ணோக்கியில் ஒரு துளி நீருக்குள் ஊரும் உயிர்களைப் பார்ப்பதுபோல மனிதர்களை யாரோ கவனித்தார்கள் என்ற உவமை வருகிறது. செவ்வாயில் நுண்ணுயிர்களே கிடையாது என்ற குறிப்பு பின்னால், வேறு விவரங்களோடு விவரமாக. அதற்கப்புறம், செவ்வாய்க்காரர்களோடு வந்து எங்கும் பரவிய சிவப்புக் களை பாக்டீரியாவால் அழுகிச் சாகிறது. களை சாவதைப் பார்த்துவிட்டவர், எசமானர்கள் சாவதை எப்படி நம்பாமல் இருப்பார்? ஒன்று உவமையாக, ஒன்று தகவலாக, ஒன்று நிகழ்ச்சியாக. மூன்றும் வேறு வேறு உடையில் வந்ததால்தான் கூட்டாளிகள் என்று தெரியவில்லை.

## 7. எதிராளிக்கு மூளையைத் திருப்பிக் கொடுங்கள்

விதைத்ததைக் கதாநாயகி பயன்படுத்துவதற்கு முன்னால் எதிராளி அவளுக்கு எதிராகப் பயன்படுத்தட்டும். விதை ஞாபகத்துக்கும் வரும், உதவி செய்யப் போகிற பொருள் என்ற சந்தேகமும் வராது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கை நடுக்கத்தைப் பற்றித் தேன்மொழி லேசாகச் சொன்னதும் குமரன் சிரிக்கிறான். ‘போன மாசம் வரைக்கும் பேங்க்ல அம்மா கையெழுத்து முத்துமுத்தா இருக்கு. நடுக்கமா?’ படிவங்களை எடுத்துப் போடுகிறான். அவள் போட்ட கையெழுத்துகளே அவனுக்குச் சாட்சியாகிவிட்டன. இந்தக் காட்சி முதல் பிரதியில் இல்லை. இதைச் சேர்த்ததும் கதை தானாகவே இறுகிவிட்டது.

## 8. இப்போது கடைசிக் காட்சியைத் தொடுங்கள்

வரிசை முக்கியம்: முதலில் முடிவெடுக்கிறாள், பிறகு செய்கிறாள், அப்புறம் விளைவு வருகிறது. விளைவை முன்னால் காட்டிவிட்டு ‘அது எப்படி என்றால்’ என்று பின்னோக்கி விளக்கினால், எவ்வளவு கவனமாக விதைத்திருந்தாலும் மந்திர வேலைபோலத் தெரியும்.

புதிய முடிவின் நடுப்பகுதி இது. அம்மாவின் தம்பி, இரண்டாம் காட்சியிலிருந்தே கதையில் இருப்பவர், உயிலை வாசித்து முடித்திருக்கிறார்.

‘“அந்தப் படிவத்துல எல்லாம் நான் போட்ட கையெழுத்து, மாமா” என்றாள்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா சொல்ற?”

“மூணு வருஷமா நான்தான் போட்டேன். அம்மாவுக்கு அந்தக் கடைசி சுழி வராது. அது என் சுழி.” உயிலை அவர் பக்கம் தள்ளினாள். “இதுலயும் இருக்கு பாருங்க.”

“அப்போ பேங்க்ல…” என்று ஆரம்பித்த மாமா முடிக்கவில்லை.’

குமரன் பார்த்து எழுதியது அம்மாவின் கையெழுத்தே இல்லை, தங்கையுடையது. நான் இதைக் கதையில் எழுதவில்லை. முந்தைய வடிவத்தில் எழுதியிருந்தேன், ஒன்றரைப் பக்கத்துக்கு. குமரன் எந்தப் படிவத்தை எடுத்தான், எப்போது பழகினான், எல்லாம். முழுவதையும் வெட்டினேன். வாசகர் தானே கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை விளக்கம் பறித்துவிடும்.

வெட்டும்போது ஓர் அளவுகோல்: கடைசிக் காட்சியில் முதல் தடவையாக ஒரு தகவல் வந்தால் அதை முன்னால் நகர்த்துங்கள். இரண்டாவது தடவையாக வந்தால் பாதியாகக் குறையுங்கள். மூன்றாவது என்றால் தூக்கிவிடுங்கள்.

வீடு யாருக்குப் போனது என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டேன். முதல் படியில் சுவரில் ஒட்டிய உள்கேள்விக்குப் பதில் வந்தாகிவிட்டது.

## 9. படிக்காதவர்களிடம் கொடுங்கள்

முக்கால்வாசி வரை மட்டும் முதலில் கொடுங்கள். ‘இனி என்ன நடக்கும்னு தோணுது?’ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு மீதியைக் கொடுங்கள். படித்து முடித்ததும் ‘பிடிச்சுதா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். ‘எந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தீங்க?’ என்று கேளுங்கள்.

இருவரும் முன்பே சரியாக ஊகித்திருந்தால் விதை மேலே தெரிகிறது, ஆறாம் படிக்குப் போங்கள். ஒருவரும் ஊகிக்கவில்லை, திரும்பிப் போய்ப் பார்க்கவும் தோன்றவில்லை என்றால் விதை விழவே இல்லை. அதற்கும் ஆறாம் படிதான். ‘அட, அந்தப் படிவம்!’ என்று மூன்றாம் காட்சிக்குப் பக்கம் திருப்பினால் நிறுத்திவிடலாம். ஒருவர் சரியாக ஊகித்து, மற்றவர் ஊகிக்காமல் இருந்தால் அதுவும் நல்ல நிலைதான். எல்லோரையும் ஏமாற்றியே தீர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

என் கதையைப் படித்த ஒருவர், ‘அந்த உயில்லயும் அவளே போட்டிருக்கலாமே?’ என்று மடக்கினார். வீட்டை அண்ணனுக்குக் கொடுக்கும் உயிலில் அவள் எதற்குப் போடப் போகிறாள்? கேள்வி கதைக்குள்ளேயே தீர்கிறது என்பதால் எதையும் மாற்றவில்லை. வாசகர் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் ஒரு வசனம் சேர்க்கத் தொடங்கினால், எட்டாம் படியில் வெட்டிய ஒன்றரைப் பக்கம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

## நேரமே இல்லை என்றால்

கதையை நாளைக் காலை கொடுக்க வேண்டும், ஒன்பது படிக்கெல்லாம் வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒட்டு முடிவை மாற்றாமலே சேதத்தைக் குறைக்க இரண்டு காரியம் செய்யலாம்.

முதலாவது, வந்து காப்பாற்றும் ஆளை முதல் கால்பகுதியில் வேறு காரியமாக ஒரு தடவை நடமாட விடுங்கள். வக்கீல் அம்மாவைப் பார்க்க வந்து, தேன்மொழியிடம் எரிச்சலாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது, அவர் தானாக வரக் கூடாது. தேன்மொழிதான் அவரைத் தேடிப் போக வேண்டும், அதுவும் போகப் பிடிக்காமல். ‘அவர் முகத்தில் இனி முழிக்க மாட்டேன்’ என்று முன்பு சொன்னவள், அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதிலிருந்து கடைசிக் காட்சியைத் தொடங்குங்கள்.